பழைய கம்ப்யூட்டருக்குப் புது கிராபிக்ஸ் கார்டு தேவையா?

பணி ஓய்வு பெற்ற நாலு பேர் கூடினால் முன்பெல்லாம் பேச்சு பென்ஷன், பி.பி., சர்க்கரை என்று போகும். இப்போது வீடியோ எடிட்டிங்கும் அதில் சேர்ந்துவிட்டது. பேரனின் பிறந்தநாள், விருதுநகர் பங்குனிப் பொங்கலில் எடுத்த தீச்சட்டிக் காட்சி, முப்பது வருடத்துக்கு முந்தைய கல்யாணக் கேசட் என்று எல்லாவற்றையும் வெட்டி ஒட்டிக் குடும்பத்துக்கு அனுப்ப ஆசை. கம்ப்யூட்டரோ பத்து வருடப் பழசு. உடனே வருகிற கேள்வி: "எந்த கிராபிக்ஸ் கார்டு போடலாம்?"

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மில் பலருக்குக் கார்டே தேவையில்லை. தேவைப்படுகிறவர்களுக்கும் சின்னக் கார்டு போதும்.

எங்கள் ஆமத்தூர்ப் பக்கம் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் போன மாதம் கேட்டார். "அண்ணாச்சி, கடையில போயி விசாரிச்சேன். கார்டுக்கு மட்டும் இருபத்தஞ்சாயிரம் ஆகும்ங்காங்க. அதுக்குத் தக்கன எஸ்.எம்.பி.எஸ்.ஸும் மாத்தணுமாம். வாங்கிரவா?" நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "என்ன வீடியோவை எடிட் பண்ணப் போறீக?" கடையில் யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை.

எடிட்டிங்கில் கம்ப்யூட்டருக்கு மூன்று வேலை. சுருக்கி வைத்த வீடியோவை விரித்துத் திரையில் காட்டுவது ஒன்று. எழுத்து, நிறத் திருத்தம், காட்சி மாற்றம் போன்றவற்றைச் சேர்ப்பது இரண்டாவது. முடிந்த படத்தை மறுபடியும் சுருக்கிக் கோப்பாக்குவது மூன்றாவது. நம்மைப் போன்றவர்களின் கம்ப்யூட்டர் பெரும்பாலும் திணறுவது முதல் வேலையில்தான்.

காரணம் நம் கைபேசி. இன்றைய கைபேசிகள் பல, இடத்தை மிச்சப்படுத்த எச்.265 என்ற முறையில் வீடியோவைச் சுருக்குகின்றன. கோப்பு சிறிதாகும், ஆனால் விரிப்பதற்கு உழைப்பு அதிகம். 2013-ல் வந்த இன்டெல் 4-வது தலைமுறை பிராசஸரில் இதற்கென்று முழுமையான தனி ஏற்பாடு கிடையாது. 2015-ல் வந்த 6-வது தலைமுறையில்தான் அது வந்தது. அதற்கு முந்தைய கம்ப்யூட்டரில் இந்த வீடியோ விட்டு விட்டு ஓடினால் அதில் ஆச்சரியம் இல்லை.

இதற்குக் காசு செலவில்லாத மருந்து இருக்கிறது. கைபேசிக் கேமராவின் அமைப்பில் போய் 4கே-க்குப் பதில் 1080 என்றும், எச்.265-க்குப் பதில் பழைய எச்.264 என்றும் மாற்றுங்கள். ஐபோனில் இது 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்ற பெயரில் இருக்கும். ஏற்கெனவே எடுத்த வீடியோவுக்கு 'ப்ராக்ஸி' வழி உண்டு. ஷாட்கட், கேடென்லைவ் போன்ற இலவச மென்பொருள்களே வீடியோவுக்கு ஒரு சின்ன நகல் எடுத்து, அதை வைத்து நம்மை வெட்டி ஒட்ட விட்டு, கடைசியில் அசல் வீடியோவிலிருந்து படத்தை உருவாக்கும். கடைசிக் கட்டத்துக்கு நேரம் ஆகும்தான். ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் தயாராக இருக்கும். ஓய்வு பெற்ற நமக்கு அதில் என்ன அவசரம்?

நம் வட்டாரத்துக்கே உரிய சங்கடம் ஒன்று உண்டு. அது வாணவேடிக்கை. வீடியோவைச் சுருக்கும் முறைகள் பெரும்பாலும், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள ஒற்றுமையை நம்பியே வேலை செய்கின்றன. மேடையில் ஒருவர் உட்கார்ந்து பேசினால் பின்னணி மாறாது. உதடும் கையும் மட்டும் மாறும். பேன்சி வெடி விரியும்போது பொறி, புகை, வெளிச்சம் எல்லாமே நொடிக்கு 30 முறை மாறும். அதனால்தான் திருவிழாவில் எடுத்த வாண வீடியோ கட்டம் கட்டமாக உடைந்து தெரிகிறது. எடுக்கும்போதே உடைந்ததை எந்தக் கார்டும் ஒட்டவைக்காது. கடைசியாகக் கோப்பாக்கும்போது 'பிட் ரேட்' அளவைக் கூட்டி வைத்தால், எடிட்டிங்கில் மேலும் உடையாமல் காப்பாற்றலாம்.

பழைய வி.எச்.எஸ். கேசட்டுக்கு வருவோம். அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினால் கிடைக்கும் படம் 720க்கு 576 புள்ளிகள். நொடிக்கு 25 படம். 4கே வீடியோவில் ஒரு படத்துக்கு இதைப்போல் சரியாக 20 மடங்கு புள்ளிகள். பதினைந்து வருடப் பழைய கம்ப்யூட்டரே கேசட் படத்தை அலுங்காமல் கையாளும். தலைமை ஆசிரியரின் வேலையில் முக்கால்வாசி இந்தக் கேசட்டுகள்தான்.

அப்படியானால் கார்டு யாருக்கு? 4கே-யில் எடுத்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு. டாவின்சி ரிசால்வ் போன்ற, கார்டையே நம்பி ஓடும் மென்பொருளைப் பழகியவர்களுக்கு. அவர்கள் கவனிக்க வேண்டியவை இவை.

முதலில் மின்சாரம். மதர்போர்டில் கார்டு செருகும் இடம் அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்குள் அடங்கும் கார்டுக்குத் தனி ஒயர் வேண்டாம், பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் மாற்ற வேண்டாம். அலுவலகங்கள் கழித்த ஒல்லிக் கேபினெட் கம்ப்யூட்டரை வாங்கியவர்கள், உயரம் குறைந்த 'லோ புரொஃபைல்' கார்டா என்று பார்த்து, ஸ்கேலால் நீளத்தையும் அளந்துவிட்டுப் போங்கள்.

அடுத்து, கார்டில் உள்ள ஜி.பி. எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். வீடியோவை விரிக்கவும் சுருக்கவும் கார்டுக்குள் ஒரு சின்னத் தனிப் பகுதி இருக்கிறது. நமக்கு முக்கியம் அதுதான். விலை குறைவு என்று பலர் வாங்கும் ஜி.டி. 1030-ல் வீடியோவைச் சுருக்கும் பகுதி கிடையாது. ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 6400-லும் கிடையாது, பழைய மதர்போர்டில் போட்டால் அதன் வேகமும் குறையும். இன்டெல்லின் ஆர்க் ஏ380 வீடியோ வேலையில் கெட்டிக்காரன். ஆனால் 'ரீசைசபிள் பார்' என்ற வசதி இருந்தால்தான் ஒழுங்காக ஓடும். பழைய மதர்போர்டுகளில் பொதுவாக அது இருக்காது.

மிஞ்சுவது என்விடியாவின் இரண்டு கார்டுகள். ஒன்று, 2019-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 1650. இன்னொன்று, 2024-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3050-ல் 6 ஜி.பி. வகை; இதற்கு 70 வாட் போதும். அதே பெயரில் உள்ள 8 ஜி.பி. வகைக்கு மின்சாரம் அதிகம் வேண்டும், தனி ஒயரும் வேண்டும். பெட்டியின் மேல் உள்ள எழுத்தைப் படித்து வாங்குங்கள்.

பழைய கார்டு மலிவாகக் கிடைக்கிறது என்று சிலர் சொல்வார்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் தன் முறையை மாற்றியதும், இரவு பகலாக ஓடிக் களைத்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. நம் ஊர் வெயிலும் தூசியும் எந்தக் கார்டின் மின்விசிறிக்கும் சோதனைதான். எங்கோ உழைத்துத் தேய்ந்ததைக் கொண்டுவந்து இங்கே போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது எஸ்.எஸ்.டி. மாற்றுவதும், ராம் 16 ஜி.பி. ஆக்குவதும். பழைய கம்ப்யூட்டர் ஆமையாய் நகர்வதற்குப் பெரும்பாலும் ஹார்டு டிஸ்க்தான் காரணம். இன்னொரு கணக்கும் உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. இன்டெல் 8-வது தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களை, ஒரு சிலவற்றைத் தவிர, விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அடுத்த கம்ப்யூட்டருக்குக் கார்டைக் கழற்றி மாட்டிக்கொள்ளலாமே என்று கேட்டால், அது நியாயம்தான். ஆனால் புதிய பிராசஸர்கள் பலவற்றில் வீடியோ வேலைக்கான பகுதி உள்ளேயே வருகிறது. அங்கேயும் கார்டு தேவைப்படாமல் போகலாம்.

நான் சிக்கனத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வி.சி.ஆர். கருவி தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. நாடாவில் பூஞ்சை பிடிக்கிறது. ஓட்டிப் பார்க்கக் கருவி கிடைப்பது வருடத்துக்கு வருடம் கடினமாகிறது. கார்டு அடுத்த வருடமும் கடையில் இருக்கும். கேசட்டுக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

கேசட்டைவிட அவசரமான ஒன்றும் இருக்கிறது. தலைமை ஆசிரியரின் அண்ணன் கல்யாணக் கேசட்டை இருவருமாக உட்கார்ந்து கம்ப்யூட்டருக்கு மாற்றினோம். பந்தியில் இலை போடுகிற தலைப்பாகைக்காரர் யார் என்று அவருக்கே தெரியவில்லை. எண்பத்தாறு வயது அத்தையிடம் காட்டினோம். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுப் பெயர், ஊர், என்ன உறவு என்று மடமடவெனச் சொல்லிவிட்டார். அதையும் கைபேசியில் பதிந்து படத்தோடு சேர்த்தோம். அந்த வேலைக்கு அவரது பழைய கம்ப்யூட்டர் தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

அதனால் கார்டுக்காக எடுத்து வைத்த பணத்தில் முதலில் கேசட்டுகளை மாற்றுங்கள். பிறகு எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். எடிட் செய்ததை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்த ஒரு ஹார்டு டிஸ்க்கும் வாங்குங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகும் கம்ப்யூட்டர் திணறினால், கார்டு வாங்கக் கடைக்குப் போகலாம்.