வாலிபர் வேதபாடத்துக்கு நாலு வாரம் போதும்

மும்பையில் தமிழ்ச் சபை இருக்கிற இடத்திலெல்லாம் வாலிபர் ஐக்கியம் என்று ஒன்று இருக்கும். ஆண்டு பிறந்ததும் வேத ஆராய்ச்சிக்குத் திட்டம் போடுவார்கள். ஆதியாகமத்தில் ஆரம்பித்து வெளிப்படுத்தின விசேஷம் வரைக்கும் 52 வாரம். அட்டவணை அச்சாகி ஆலயச் சுவரில் தொங்கும். லேவியராகமம் வருவதற்குள் கூட்டம் கரைந்துவிடும். நானறிந்த ஒரு சபையில் ஏழாவது வாரம் வந்தவர்கள் ஐந்தே பேர். அதில் மூன்று பேர் வாலிபத்தைத் தாண்டி இருபது வருஷம் ஆனவர்கள்!

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு பக்தி இல்லை" என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இது சம்மதமில்லை. கோளாறு திட்டத்தில் இருக்கிறது.

வரவேண்டியவர்கள் யார்? தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் இருக்கிற நம் பிள்ளைகள். ஒருவன் பார்சல் கொடுக்க நாளெல்லாம் சுற்றுகிறான். ஒருத்தி இரவு ஷிப்ட் முடித்து விடியற்காலையில் வீடு சேருகிறாள். ஞாயிறு பகலில் கூட்டம் வைத்தால் தண்டவாள வேலைக்காக மெகா பிளாக்; டோம்பிவிலியிலிருந்து வருகிறவன் எப்படி வருவான்? (ரயில்வே குமாஸ்தா என்பதால் இந்த வசவு எனக்கும் உண்டு.) யார் யாருக்கு எந்த ஷிப்ட் என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் கிழமையும் நேரமும் குறிக்கவேண்டும்.

அடுத்தது வாசிப்பு. இங்கே பிறந்த பிள்ளை தமிழ் நன்றாகப் பேசும். வாசிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டும். நாம் கையில் வைத்திருப்பதோ 1871-ல் முழுமை பெற்ற மொழிபெயர்ப்பை ஒட்டிய வேதாகமம். ஆளுக்கொரு வசனம் என்று வட்டமாக வாசிக்க வைக்கிறோம். ஒரு பையன் தடுமாறுகிறான், பக்கத்தில் யாரோ சிரிக்கிறார்கள், அடுத்த வாரம் அவன் இல்லை. நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவர் அதிகாரம் முழுவதையும் உரக்க வாசிக்கட்டும். மற்றவர்கள் ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ பார்த்துக்கொள்ளட்டும். 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். தமிழ் போய்விடும் என்று பயப்படுகிற அண்ணாச்சிமார், பேச்சு தமிழில்தானே நடக்கிறது என்று பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எதைப் படிப்பது? ரூத்தின் புத்தகத்தைச் சொல்வேன். நாலே அதிகாரம், 85 வசனம். பெத்லெகேமில் பஞ்சம், ஒரு குடும்பம் பிழைப்புக்காக மோவாப் தேசம் போகிறது. ஆண்கள் மூவரும் அங்கே இறந்துபோக, நகோமி மருமகள் ரூத்தோடு வெறுங்கையாக ஊர் திரும்புகிறாள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாத்தா எப்படி ரயில் ஏறினார் என்று வீட்டில் கேட்டுவரச் சொன்னால் முதல் வாரப் பாடம் தயார்.

இரண்டாம் அதிகாரத்துக்கு அவசரப்படக் கூடாது. ரூத் அடுத்தவர் வயலில் கதிர் பொறுக்குகிறாள். இது பிச்சையா, உரிமையா? லேவியராகமம் 19-ஐயும் உபாகமம் 24-ஐயும் திறந்து பார்க்கச் சொல்லவேண்டும். அறுப்பில் சிந்தியதை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். 'பரதேசி' என்றதும் பிள்ளைகள் சிரிப்பார்கள். நம் தெருவில் அது வசவு. வேதத்தில் அது வேற்றூரிலிருந்து வந்து குடியிருப்பவனுக்குப் பெயர் என்றும், இந்த ஊரில் நாமும் அப்படி வந்தவர்கள்தானே என்றும் சொல்லிப் பாருங்கள். ரூத்தைத் தொடக் கூடாது என்று போவாஸ் தன் வேலைக்காரருக்குக் கட்டளையிடுவதும் இதே அதிகாரத்தில்தான். வேலைக்குப் போகிற பெண்பிள்ளைகளுக்கு அங்கே சொல்ல நிறைய இருக்கும். பாடம் நடத்துகிறவர் அப்போது வாயை மூடிக்கொண்டு கேட்கவேண்டும். நம்மவர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான்.

மூன்றாம் அதிகாரத்தில் வரும் போரடிக்கும் களத்து இரவைச் சிலர் கூச்சத்தால் தாண்டிப் போவார்கள், தாண்ட வேண்டாம். நாலாவதில் பட்டணவாசலில் பத்து மூப்பர் கூடுகிறார்கள். அந்த வாரம் சபைப் பெரியவர்களையும் அழைத்து, பின்வரிசையில் உட்கார வைக்கலாம்.

ஐந்தாம் வாரம் கூட்டம் இல்லை என்று அறிவித்துவிடுங்கள். பிள்ளைகளே வந்து கேட்டால், மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம் இருக்கிறது.