கூடி இயங்கும் கணினிகள்

தாங்கிப் பயிற்சிக்கு ஒன்று, வானூர்திக்கு ஒன்று எனத் தனித்தனியே எழுந்த கணினி ஒப்புருவாக்கங்களைக் கம்பியால் இணைத்தாற் போதும் என்பார் உளர். அது போதாது என்பதே எமது துணிபு. உயரத்தை ஒன்று அடியிலும் மற்றொன்று மீற்றரிலும் கொள்ளின், 1000 அடியிற் பறக்கும் வானூர்தி மற்றதன் திரையில் 1000 மீற்றரில் தோன்றும். கடிகாரங்கள் பிறழின், குண்டு பாயுமுன்னரே இலக்கு வீழும்.

அமெரிக்காவில் 1983இல் தொடங்கிய சிம்நெற் திட்டம் ஓரினப் பொறிகளையே இணைத்தது. 2000இல் ஐ.ஈ.ஈ.ஈ. 1516 நியமமாக ஏற்கப்பட்ட எச்.எல்.ஏ. முறையோ, வேற்றினப் பொறிகளையும் கூட்டுவிக்கின்றது. எப்பொறியின் உள்ளமைப்பையும் அது மாற்றச் சொல்வதில்லை; பரிமாறும் தரவின் அமைப்பையும் கால ஒழுங்கையும் முன்னரே உடன்படக் கேட்கின்றது.

ஆயினும், சொற்குப் பொருள் வரையறுப்போர் மாந்தரே. ஆதலின், பொறியியல் நாடும் எம் மாணவர் மொழிப்பாடத்தை இரண்டாந்தரமாக எண்ணற்க.