பழுதின் முதல் நாடுக

சென்ற ஆண்டுப் பரீட்சைக்கு முந்திய இரவில் எம் விடுதியில் மின்சாரம் நின்றது. பல மாதம் வாளா கிடந்த ஜெனரேட்டரை இயக்கினோம். எஞ்சின் முழுவேகத்தில் ஓடிற்று; விளக்கொன்றும் எரிந்திலது. “யந்திரம் செத்துவிட்டது, புதியது வாங்க வேண்டியதே” என்று அங்கேயே தீர்ப்பாயிற்று. ஆராயாது கூறும் இத்தகைய தீர்ப்புப் பழுதினும் பெரும் பழுது என்பது என் துணிபு.

ஜெனரேட்டர் மின்சாரம் பிறப்பிப்பது காந்தத்தின் துணையால். அக்காந்தத்தை வளர்ப்பதோ அது பிறப்பிக்கும் மின்சாரமே. அங்ஙனமாயின் தொடக்கம் யாது? முன் ஓடியபோது இரும்பில் எஞ்சிநின்ற சிறு காந்தமே வித்து. அதனாற் சில வோல்ட் தோன்றும். அம்மின்சாரம் சுருளிற் பாய்ந்து காந்தத்தை மிகுக்கும். மிக்க காந்தம் வோல்ட்டை மிகுக்கும். இம்முறையை வெர்னர் சீமென்ஸ் 1866-இல் கண்டார். 1867 பெப்ரவரி 14 அன்று லண்டன் ராயல் சொஸைட்டியில் அவர் இளவல் வில்லியமும், வீட்ஸ்டன் என்பாரும் இதனைத் தனித்தனியே விளக்கினர்.

இஃதறிந்தார்க்கு வினவும் முறை தானே விளங்கும். வோல்ட்மீட்டர் சிறிதும் அசையாதாயின் வித்து அழிந்திருக்கலாம். எஞ்சினை நிறுத்தி, முனை மாறாமற் பாட்டரியால் சுருளுக்குச் சிறிது நேரம் மின்சாரம் ஊட்டின் அது மீளும். சில வோல்ட் காட்டின் வித்து உளது; வளர்ச்சியே தடைப்பட்டது. அப்போது பிரஷ் வளையத்திற் படிகின்றதா, சுருள் அறுந்ததா, இணைப்புத் தலைமாறிற்றா, வேகம் குறைந்ததா என நோக்கல் வேண்டும்.

மறுநாள் வந்த முதிய எலெக்ட்ரீஷியன் இதனையே செய்தார். 230 வோல்ட் காட்டவேண்டிய மீட்டர் 4 காட்டிற்று. எஞ்சினை நிறுத்தித் திறந்து பார்த்தார். தூசியால் இறுகிய கார்பன் பிரஷ் ஒன்று வளையத்தைத் தொடாதிருந்தது. துடைத்துப் பொருத்தினார், விளக்கு எரிந்தது. செலவு சில ரூபாயே. புதிய யந்திரத்தின் விலையோ எம் விடுதிக் கட்டணத்தில் ஏறியிருக்கும். அதனைத் தாங்கவியலாத் தோழர் எம்மிடைப் பலர்.

“தமிழ் மாணவனுக்கு இஃதெதற்கு?” என்பார் உளர். யந்திரத்தைத் தொடுதல் பயின்றார் தொழில். பயிலாதார் தொடின் உயிர்க்கே இடர். ஆயினும் வினவுதல் யாவர்க்கும் உரித்து. ஏட்டில் ஓரெழுத்துச் சிதைந்ததற்காக யாம் செய்யுளையே எறிவதில்லை. அப்பொறுமையை யந்திரத்தினிடத்தும் காட்டல் தகும்.

ஆதலின் கல்லூரித் தலைவர்கட்கு ஒரு விண்ணப்பம். ஜெனரேட்டரை மாதம் ஒருமுறையேனும் இயக்கிப் பார்க்கச் செய்க. வினவும் முறையை எளிய தமிழில் எழுதி அதனருகே தொங்கவிடுக. முதலாண்டு மாணவர் யாவர்க்கும் ஒருநாள் அதனை விளக்குக. அடுத்த பரீட்சைக்கு முன் இஃது நிறைவேறுமாயின் நன்று.