மாணவரின் குறும்படமும் எமது பொன்னாடையும்

குத்துச்சண்டையை வைத்து ஒரு குறும்படம் எடுக்கப் போகிறோம் என்று உயர்வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் சொன்னால், எமது குடும்பங்களில் எழும் முதற் கேள்வி எதுவென்பதை வாசகர்கள் அறிவர். "எங்கட பிரச்சினை எத்தனை கிடக்க, உந்த அடிபிடியைத்தானோ எடுக்கப் போறியள்?" என்பதே அது. படிப்பு என்னாவது என்பது இரண்டாவது கேள்வி. மூன்றாவது கேள்வி ஒன்றுண்டு. அது பெரும்பாலும் எழுவதில்லை. இப்படத்துக்காக நீங்கள் எதை வாசித்தீர்கள், யாரிடம் விசாரித்தீர்கள், முதற் தொகுப்பை யாருக்குப் போட்டுக் காட்டினீர்கள் என்பதே அந்த மூன்றாவது கேள்வி. முதலிரண்டையும் ஒத்திவைத்துவிட்டு மூன்றாவதைக் கேட்கப் பெற்றோர் பழகவேண்டும் என்பதை வலியுறுத்தவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

படிப்புப் பற்றிய அச்சத்துக்கு முதலில் பதில் கூறிவிடலாம். நாம் வாழும் வடறைன்-வெஸ்ற்பாலியா மாநிலத்தின் உயர்வகுப்புக்களில், நாடகமோ திரைப்படமோ ஆக்கி அரங்கேற்றுவதையே வேலையாகக் கொண்ட பாடவகுப்பு உண்டு. அதற்குப் புள்ளியும் உண்டு. ஆகவே கமராவைத் தூக்கிக்கொண்டு திரியும் பிள்ளை படிப்பைக் கைவிட்ட பிள்ளை அல்ல. ஒரு பொருளை ஆராய்ந்து, திட்டமிட்டு, பிறர் கருத்தைக் கேட்டுத் திருத்தி முடிப்பது, பல்கலைக்கழகத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதும் மாணவன் செய்வதற்குச் சற்றும் குறைந்ததன்று. விரிவுரையாளனாகக் கடமையாற்றிய காலத்தில் நான் திருத்திய கட்டுரைகள் பல, ஒரு நல்ல குறும்படத்துக்குச் செலவாகும் உழைப்பில் பாதியையும் கண்டவையல்ல.

குத்துச்சண்டைக்கும் எமக்கும் என்ன தொடர்பு என்ற கேள்விக்கும் பதிலுண்டு. வடசென்னையின் உழைக்கும் மக்கள் நெடுங்காலமாகப் பரம்பரைகளாகப் பிரிந்து நின்று இவ்விளையாட்டைப் பேணியவர்கள். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்ற பெயர்கள் அவ்வழி வந்தவையே. 1980ஆம் ஆண்டில் முகமது அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியபோது, அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். உடன் நின்றார். பா. ரஞ்சித் இயக்கிய 'சார்பட்டா பரம்பரை' 2021இல் வெளிவந்தபின், இங்கு பிறந்த எமது பிள்ளைகளும் அவ்வரலாற்றை ஓரளவு அறிந்துள்ளனர். துளசி தருமலிங்கம் என்ற தமிழ்ப் பெயர் தாங்கிய வீரர் 2016இல் றியோ ஒலிம்பிக்கில் கத்தார் நாட்டின் சார்பில் மோதினார் என்பதையும் நினைவிற் கொள்ளலாம்.

எனினும் ஜேர்மனியில் வாழும் மாணவர்கள் கதை தேடிச் சென்னைவரை செல்லவேண்டியதில்லை. இந்நாட்டின் மண்ணிலேயே, அகதியாக வாழ்ந்த எவரும் தன் கதைபோல் உணரக்கூடிய ஒரு குத்துச்சண்டைக் கதை கிடக்கிறது. யொஹான் ற்றொல்மனின் கதையே அது.

1907இல் பிறந்து ஹனோவர் நகரில் வளர்ந்த ற்றொல்மன், சின்ரி இனத்தைச் சேர்ந்தவர். வீட்டில் அவரை 'றுக்கெலி' என்று அழைத்தார்கள். மேடையில் ஓரிடத்தில் நில்லாது, நடனமாடுவதுபோல் கால்களை அசைத்து எதிராளியைக் களைக்கச் செய்வது அவரது பாணி. நாசிகள் ஆட்சிக்கு வந்த 1933இல், யூதரான எரிக் சேலிக் பட்டங்களை இழந்து நாட்டைவிட்டு வெளியேற, மென்கனவகைப் பட்டம் வெறுமையானது. அவ்வாண்டு யூன் 9ஆம் நாள் பேர்லினில் அப்பட்டத்துக்காக ற்றொல்மனும் அடொல்ப் விற்றும் மோதினர். ற்றொல்மனே மேலோங்கி நின்றார் என்பதைச் சபையோர் கண்ணாற் கண்டனர். ஆயினும் வெற்றி தோல்வி இல்லையென்று அறிவிக்கப்பட்டது. சபை கொதித்தெழுந்தது, நடுவர்கள் அஞ்சி அவருக்கே பட்டத்தைக் கொடுத்தனர். அவர் மேடையிலேயே அழுதார். ஏறத்தாழ ஒரு வாரத்தில் பட்டம் பறிக்கப்பட்டது. தரமற்ற ஆட்டம் என்பதும், அழுதது வீரனுக்கு அழகல்ல என்பதும் காட்டப்பட்ட காரணங்கள்.

யூலை 21ஆம் நாள் குஸ்ரவ் ஏடருடன் அடுத்த போட்டி. கால்களை அசைத்து ஆடினால் உரிமம் போய்விடும் என்று எச்சரித்திருந்தார்கள். ற்றொல்மன் தலைமயிருக்குப் பொன்னிறச் சாயமிட்டு, உடலெங்கும் வெள்ளை மாவைப் பூசிக்கொண்டு மேடையேறினார். நீங்கள் விரும்பும் 'ஆரியன்' இதோ என்பதுபோல் அசையாது நின்று அடிகளை வாங்கி, ஐந்தாவது சுற்றில் வீழ்ந்தார். பின்னர் அவருக்குக் கட்டாயக் கருத்தடை செய்தார்கள். படையிற் சேர்த்துப் போருக்கு அனுப்பினார்கள். 1942இல் கைதுசெய்து ஹம்பேர்க் அருகிலுள்ள நொயன்கம்மை வதைமுகாமில் அடைத்தார்கள். பகல் முழுவதும் கடூழியம் செய்து மெலிந்த அவரை, மாலையில் காவலர்களுக்குக் குத்துச்சண்டை பழக்கும்படி நிர்ப்பந்தித்தார்கள்.

இங்கேதான் ஆராய்ச்சி என்ற சொல்லின் பொருள் விளங்குகிறது. ற்றொல்மன் 1943 பெப்ரவரி 9இல் இறந்தார் என்கிறது முகாமின் ஏடு. மாணவன் அத்திகதியை எழுதிக்கொண்டு எழுந்துவிடலாம். ஆனால் உயிர்தப்பிய சககைதியின் வாக்குமூலமும் பின்வந்த ஆய்வாளரின் உழைப்பும் வேறொன்றைக் கூறுகின்றன. கைதிகளின் இரகசியக் குழுவினர் அவர் இறந்துவிட்டதாகப் பதிவுசெய்து, வேறொருவரின் அடையாளத்தைக் கொடுத்து, விற்றன்பேர்கே என்ற கிளைமுகாமுக்கு மாற்றியிருந்தனர். 1944இல் அங்கும் அவர் இன்னாரென அறியப்பட்டு, கைதிகளை மேய்க்கும் 'கப்போ' ஒருவனுடன் மோதவைக்கப்பட்டார். வென்றார். தோற்றவன் பின்னர் அவரை அடித்தே கொன்றான்.

தாளில் இருக்கும் திகதி ஒன்று, நடந்தது இன்னொன்று. அதுவும் ஓர் உயிரைக் காக்க இரக்கத்தால் எழுதப்பட்ட பொய்த் திகதி. வேறொருவரின் பெயரில் எல்லை கடந்தவர்கள் வாழும் எமது சமூகத்துக்கு இதனை விளக்கிக் கூறவேண்டியதில்லை. அகதி விசாரணையில் நாம் சொன்னது எது, மொழிபெயர்ப்பாளரின் வாய்வழி சென்று கோப்பில் ஏறியது எது என்று இரவிரவாகத் தாள்களைப் புரட்டிப் பார்த்த பெற்றோர் எத்தனை பேர்! அப்பெற்றோரின் பிள்ளைக்கு, ஓர் ஆவணத்தை மதிக்கவும் அதே ஆவணத்தைச் சந்தேகிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டிலேயே கற்கக்கூடிய இப்பாடத்தை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை என்பதே எனது ஆதங்கம்.

ஆராய்ச்சி என்பது இணையத்தில் இரண்டு பக்கங்களைப் படிப்பதோடு முடிவதன்று. நொயன்கம்மை இன்று நினைவகமாக உள்ளது. மாணவர் சென்று பார்க்கலாம். பேர்லின் விக்ரோறியாப் பூங்காவில் 2010ஆம் ஆண்டு ற்றொல்மனுக்காகச் சாய்ந்த குத்துச்சண்டை மேடையொன்றை நினைவுச் சின்னமாக அமைத்தார்கள். 9841 என்ற அவரது கைதி இலக்கமே அதன் பெயர். 2003இல் ஜேர்மனியக் குத்துச்சண்டைச் சம்மேளனம் பறித்த பட்டத்தை அவரது குடும்பத்தினரிடம் கையளித்தது. அதற்கு எழுபது ஆண்டுகள் சென்றன. கமராவைத் தொடுமுன் காண்பதும் கேட்பதும் எத்துணை பயனுடையவை என்பதற்கு ஸ்ரான்லி குப்றிக் சான்று. 1951இல் வெளிவந்த அவரது முதற் குறும்படம் வோல்ரர் கார்ட்டியர் என்ற குத்துச்சண்டை வீரரின் ஒருநாளைக் காட்டுவது. ஆனால் அதற்கு ஈராண்டுக்கு முன்னரே 'லுக்' சஞ்சிகைக்காக அவ்வீரரைப் பின்தொடர்ந்து நிழற்படக் கட்டுரை செய்திருந்தார். படம் எடுக்க வந்தபோது அவருக்கு அம்மனிதர் புதியவரல்லர்.

இனித் திட்டம். ஒலிம்பிக் போட்டி ஒன்றில் மூன்று நிமிடம் கொண்ட மூன்று சுற்றுக்களும் இடையில் ஒவ்வொரு நிமிட ஓய்வும் உள்ளன; மொத்தம் 11 நிமிடம். பத்து நிமிடக் குறும்படத்தில் ஒரு போட்டியைக்கூட முழுமையாக அடக்கமுடியாது. எதைக் காட்டுவது, எதை விடுவது என்பதைத் தாளில் தீர்மானித்தபின்பே மண்டபத்துக்குச் செல்லவேண்டும். அடிகளை நடனம்போல் எண்ணிப் பழகி, கமராவின் கோணத்தால் இடைவெளியை மறைத்து, ஓசையைப் பின்னர் சேர்ப்பதே முறை. நண்பனின் தாடையை உடைப்பது நடிப்பாகாது. ஒருவரின் முகத்தை அவரது சம்மதமின்றி வெளியிடுவதை இந்நாட்டில் 1907ஆம் ஆண்டுச் சட்டமே கட்டுப்படுத்துகிறது. சபையோராக அமரும் எம்மவரில் வழக்கு முடியாதோரும் இருப்பர். அவர்களது முகம் திரையில் தோன்றுவதால் ஊரிலுள்ள உறவினருக்கு என்ன நேரும் என்பதை மாணவர் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

திட்டமிடத் தெரியாத சமூகமல்ல நாம். ஊன்ட்றொப் காமாட்சி அம்பாள் ஆலயமே அதற்குச் சாட்சி. 1989இல் ஹம் நகரில் ஒரு வீட்டின் நிலவறையில் தொடங்கிய வழிபாடு அது. தேர் வீதிக்கு வந்தபோது நெரிசலும் அயலவரின் முறைப்பாடும் எழுந்தன. முறைப்பாட்டைப் பகையாக எண்ணி ஒதுங்கியிருந்தால் இன்று கோயில் இல்லை. நகரசபையோடு பேசி, தொழிற்பேட்டையில் நிலம் பெற்று, ஜேர்மானியக் கட்டடக் கலைஞர் ஒருவர் வரைபடம் வரைய, இந்தியச் சிற்பிகள் கைவைக்க, 2002இல் 17 மீற்றர் உயரக் கோபுரம் குடமுழுக்குக் கண்டது. அயலவரின் சொல்லைக் காதில் வாங்கியதால் கோயில் சிறுத்துவிடவில்லை, பெருத்தது.

கோயிலுக்குச் செய்ததை நாம் கலைக்குச் செய்வதில்லை. இளையோர் ஒரு படம் எடுத்தால் எம்மிடம் இரண்டே எதிர்வினைகள் உள்ளன. ஒன்று, மண்டபத்தில் பொன்னாடை போர்த்தி, ஆறு பேர் வாழ்த்துரை வழங்கி அனுப்பிவிடுவது. மற்றையது, "வெள்ளைக்காரனுக்கு முன்னால எங்கட மானத்தை வாங்கிப் போட்டாங்கள்" என்று தூற்றுவது. அகதி முகாமில் குடித்துவிட்டு அழும் தந்தை ஒருவர் படத்தில் வந்தால் அக்காட்சியை வெட்டு என்கிறோம். பொன்னாடையும் தூற்றலும் செய்யும் வேலை ஒன்றே. இரண்டும் படத்தைப் பற்றிப் பேசாமல் தப்பிக்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையில் வளரும் இளைஞன் ஒன்றில் எம்மைத் திருப்திப்படுத்தும் படத்தை எடுப்பான். அன்றேல் எம்மை விட்டே போய்விடுவான். இரண்டாலும் நட்டம் எமக்கே.

கருத்துக் கூறுவது எப்படியென்பதற்கு ஓர் உதாரணம். மார்ட்டின் ஸ்கோர்சேசி 1980இல் வெளிவந்த 'றேஜிங் புல்' படத்துக்கான பரீட்சார்த்தப் படச்சுருளை மூத்த இயக்குநர் மைக்கல் பவலுக்குக் காட்டினார். அவர் புகழவுமில்லை, பழிக்கவுமில்லை. கையுறைகளின் சிவப்பு நிறம் பொருந்தவில்லை என்றார். அந்த ஒரு சொல், படத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுக்கும் முடிவுக்கு வழிகாட்டியது. கண்டதைக் கூறினார், தீர்வை இயக்குநரிடம் விட்டார். நல்ல விமர்சகரின் எல்லை அதுவே.

மாணவருக்கு நான் கூறுவது இது. முதற் தொகுப்பை மூவருக்குக் காட்டுங்கள். குத்துச்சண்டை பழகிய ஒருவர், தமிழே அறியாத ஒருவர், உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், எங்கே சலித்தது, எங்கே விளங்கவில்லை, எதை நம்பமுடியவில்லை என்று கேளுங்கள். ற்றொல்மனின் கதையை எடுப்பதானால் நான்காவதாகச் சின்ரி சமூகத்தவரிடமும் செல்லுங்கள். அம்மக்களுக்கு நடந்தது இனப்படுகொலை என்பதை மேற்கு ஜேர்மன் அரசு 1982ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. தம் இழப்புக்குப் பெயர் கிடைக்க அத்தனை காலம் காத்திருந்தவர்களின் கதையை அவர்களைக் கேளாமல் எடுக்க எமக்கு உரிமையில்லை. எமது கதையைப் பிறர் அவ்வாறு எடுத்தால் நாம் பொறுப்போமா? தகவற் பிழையை யார் சுட்டினாலும் திருத்துங்கள். ஆனால் படத்தின் பொருள் இதுதான் என்று எவர் கட்டளையிட்டாலும், அவர் மண்டபச் செலவைத் தருபவராயினும், தலைசாய்க்க வேண்டாம்.

இங்கிருந்து அதிக தூரமில்லாத ஒபர்ஹவுசனில் 1954 முதல் குறும்பட விழா நடந்துவருகிறது. 1962இல் அங்கேதான் 26 இளைஞர்கள் பழைய ஜேர்மன் சினிமா செத்துவிட்டதென அறிக்கை விட்டனர். அன்று அவர்கள் கையிலிருந்தவை குறும்படங்களே. எமது பிள்ளைகளும் அவ்வாறு எம்மிடம் கூறும் நாள் வரலாம், வரட்டும்.

அதற்குமுன் பெரியவர்கள் செய்யக்கூடிய சிறு காரியம் ஒன்றுண்டு. ஆண்டுதோறும் ஊன்ட்றொப் தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பாவெங்கும் இருந்து குடும்பங்கள் வந்து கூடுகின்றன. அவ்வாரத்தில் ஓர் மாலையை, ஹம் நகரில் ஒரு சிறு மண்டபத்தை, மாணவரின் முடிவுறாத படங்களுக்கென ஒதுக்குவோம். மங்கள விளக்கு வேண்டாம், வாழ்த்துரை வேண்டாம், பொன்னாடை அறவே வேண்டாம். படத்தைப் பார்ப்போம். பின்னர் ஒவ்வொருவரும் கண்டதில் ஒன்றைக் கூறுவோம், பிள்ளைகள் குறிப்பெடுக்கட்டும். மண்டபத்துக்கான செலவைச் சங்கங்கள் பகிர்ந்துகொள்ளலாம். வரும் திருவிழாவுக்கே இதனைத் தொடங்க இயலும்.