எண்ணெய் வைக்காமல் வாருங்கள்

“ஆஸ்பத்திரிக்குப் போகிற பிள்ளை, தலையாவது படிய வாரி லட்சணமாகப் போகட்டுமே” என்று அம்மா நினைத்ததில் என்ன தப்பு இருக்கிறது? தேக்காவில் வாங்கிய தேங்காய் எண்ணெயை முதல் நாள் இரவே பேத்தியின் தலையில் சூடு பறக்கத் தேய்த்துவிட்டார். காலையில் இறுக்கமாக இரட்டைப் பின்னல். எண்ணெய் நெற்றி வரை மினுமினுத்தது.

என் தங்கை மகள் அப்போது தொடக்கநிலை ஆறில் இருந்தாள். சில மாதங்களாகவே திடீர் திடீரென்று பேச்சு நின்றுவிடும். எங்கோ வெறித்துப் பார்ப்பாள். வாய் எதையோ மெல்வது போல அசையும், கை சட்டை நுனியைத் திருகும். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். பிறகு எதுவும் நடக்காதது போல, “என்ன மாமா?” என்பாள். பிஎஸ்எல்இ வருடம், களைப்பாக இருக்கும் என்று முதலில் விட்டுவிட்டோம். பிறகு மருத்துவர் இஇஜி பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். தலைத்தோலில் மின்முனைகளைப் பொருத்தி மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் பரிசோதனை.

மின்முனை பொருத்த வந்த மலாய்ப் பெண்மணி பின்னலைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “பாட்டி வேலையா?” என்று கேட்டார். எங்களுக்கு வந்த கடிதத்தில் எல்லாம் தெளிவாகவே இருந்திருக்கிறது: தலையை ஷாம்பு போட்டு அலசி, எண்ணெய், கிரீம் எதுவும் இல்லாமல் வரவும். நாங்கள்தான் தேதியையும் நேரத்தையும் மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டோம். அவர் பொறுமையாக ஒவ்வோர் இடமாகத் துடைத்துப் பசை வைத்துப் பார்த்தார். அரை மணி நேரப் பதிவில் பாதிக்கு மேல் இரைச்சல். ‘முடிவாகச் சொல்ல இயலவில்லை, மீண்டும் செய்யவும்’ என்று அறிக்கை வந்தது. மூன்று வாரம் காத்திருந்தோம்.

ஒரு சொட்டு எண்ணெய்க்கு இவ்வளவு சக்தியா என்று அன்று எரிச்சலாகத்தான் இருந்தது. கொஞ்சம் படித்த பிறகுதான் புரிந்தது.

மூளையிலிருந்து தலைத்தோலுக்கு வந்து சேரும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குகள். டிவி ரிமோட்டில் போடும் சிறிய பேட்டரி 1.5 வோல்ட். அதை முப்பதாயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் நாம் அளக்க வேண்டியது. கண் சிமிட்டினாலும் பல்லைக் கடித்தாலும் அதைவிடப் பெரிய அலை வரும். ஆகவே தோலுக்கும் மின்முனைக்கும் நடுவே இருக்கும் தடை மிகக் குறைவாக இருக்க வேண்டும்; பொதுவாக 5 முதல் 10 கிலோ ஓமுக்குள். எண்ணெயோ மின்சாரத்தைக் கடத்தாது. அந்தப் படலத்தின் மேல் மின்முனை வழுக்கும், பசை பிடிக்காது, சுற்றியுள்ள மின்கம்பிகளின் இரைச்சல் உள்ளே புகுந்துவிடும்.

1924இல் ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர்தான் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தார். 1929இல் அதை வெளியிட்டபோது பலர் நம்பவில்லை. நூறு ஆண்டுகளில் கருவி எவ்வளவோ மாறிவிட்டது. ஆனால் அன்றிருந்த தலைவலி ஒன்று இன்னும் தீரவில்லை. மின்னலை வருவது தெரிகிறது. எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்வதுதான் கடினம்.

இதை விளங்கிக்கொள்ள சிராங்கூன் ரோட்டுக்கு வாருங்கள். வீரமாகாளியம்மன் கோயிலுக்கு வெளியே, மதிலை ஒட்டி நில்லுங்கள். உள்ளே மேளம் ஒலிக்கிறது. எந்த நொடியில் அடி விழுகிறது என்பது துல்லியமாகத் தெரியும். ஆனால் தவில் எந்தத் தூணருகே இருக்கிறது என்று கேட்டால்? மதில் ஒலியைப் பரப்பிக் கலைத்துவிடுகிறது. உள்ளே தூரத்தில் ஒருவர் பலமாக அடித்தாலும், மதிலோரம் நால்வர் மெதுவாக அடித்தாலும், வெளியே நிற்பவருக்கு ஒரே மாதிரி கேட்கக்கூடும்.

மண்டை ஓடுதான் அந்த மதில். சில மில்லிமீட்டர் கனம்தான். ஆனால் மூளையையும் தோலையும் விட மிகக் குறைவாக மின்சாரத்தைக் கடத்தும் எலும்பு. அதைக் கடப்பதற்குள் மின்னலை பரவி மங்கிவிடுகிறது. வெளியே ஒரே மாதிரியான அளவைத் தரக்கூடிய மூலங்கள் உள்ளே எண்ணற்ற விதங்களில் அமையலாம் என்று ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853இலேயே காட்டிவிட்டார். எனவே மேலிருந்து அளந்து உள்ளே இடம் சொல்வது எப்போதும் ஓர் ஊகம்தான். அந்த ஊகத்தை எவ்வளவு நல்ல ஊகமாக்கலாம் என்பதே கேள்வி.

அதற்கு என்னென்ன வழிகள்?

முதல் வழி, நிற்கும் இடத்தைச் சரியாகக் குறித்துக்கொள்வது. 1958இல் ஹெர்பர்ட் ஜாஸ்பர் வெளியிட்ட ‘10-20’ முறைதான் இன்றும் உலகெங்கும் நடைமுறையில் இருக்கிறது. மூக்கு நெற்றியோடு சேரும் பள்ளத்திலிருந்து பின்தலையில் புடைத்திருக்கும் எலும்பு வரை நாடா வைத்து அளந்து, அந்தத் தூரத்தில் பத்து, இருபது விழுக்காடு இடைவெளிகளில் புள்ளி வைப்பார்கள். இடமிருந்து வலமும் அப்படியே. தையற்காரர் போல அந்தப் பெண்மணி நாடாவும் வண்ணப் பென்சிலுமாக எங்கள் பெண்ணின் தலையில் குறித்தது இதைத்தான். புள்ளி தவறினால், பின்னால் எத்தனை பெரிய கணினி கணக்குப் போட்டாலும் பதிலும் தவறும்.

இரண்டாவது, நிற்பவர்களின் எண்ணிக்கை. மதிலைச் சுற்றி நான்கு பேர் நின்று கேட்பதைவிட நாற்பது பேர் கேட்பது மேல் அல்லவா? வழக்கமான பரிசோதனையில் தலையில் 19 மின்முனைகள் இருக்கும். ஆனால் வலிப்பு அடிக்கடி தொடங்கும் இடம், காதை ஒட்டி உள்ளிருக்கும் பொட்டு மடலின் அடிப்பகுதி. அங்கே பழைய முறையில் காவல் குறைவு. ஆகவே கன்னத்தை நோக்கிக் கீழே ஆறு மின்முனைகளைக் கூட்டி, குறைந்தது 25 வைக்கும்படி மருத்துவ நரம்புடலியலுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 2017இல் பரிந்துரைத்தது. அறுவை சிகிச்சைக்கு இடம் தேடும் மையங்களில் 128, 256 என்றுகூட வைக்கிறார்கள்.

மூன்றாவது, மதிலை அறிந்துகொள்வது. எல்லார் தலையும் ஒன்றல்ல. குழந்தையின் மண்டை ஓடு மெல்லியது. மூளையின் மடிப்புகள் ஆளுக்கு ஆள் வேறு. எனவே நோயாளியின் சொந்த எம்ஆர்ஐ படத்திலிருந்தே தோல், எலும்பு, மூளை என்று அடுக்கடுக்காகத் தலையின் மாதிரியைக் கணினியில் கட்டி, அதன்மேல் மின்னலைகளைப் பொருத்திப் பார்க்கிறார்கள்.

இவற்றால் பலன் உண்டா? ஜெனீவா மருத்துவர்கள் வலிப்புக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட 152 பேரைப் பின்தொடர்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வு பதில் சொல்கிறது. நிறைய மின்முனைகளும் நோயாளியின் சொந்த எம்ஆர்ஐயும் சேர்ந்தபோது, அறுவை சிகிச்சையால் நல்ல பலன் பெற்றவர்களில் 84 விழுக்காட்டினருக்கு, வரைபடம் காட்டிய இடமும் மருத்துவர்கள் அகற்றிய இடமும் ஒத்துப்போயின. 32க்கும் குறைவான மின்முனைகளும் எல்லாருக்கும் பொதுவான தலை மாதிரியும் கொண்டு செய்தபோது அது 57 விழுக்காடாக இறங்கியது. வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மருந்து முழுதாகக் கேட்பதில்லை. அவர்களில் சிலருக்கு அறுவை சிகிச்சைதான் வழி. எந்த இடத்தில் கத்தி வைப்பது என்ற கேள்விக்கு முன்னால் இந்த 84க்கும் 57க்கும் உள்ள வித்தியாசம் சாதாரணமானதல்ல.

அலைகளைப் படிப்பதிலும் வேலை நடக்கிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிங்கப்பூர், அமெரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளின் ஆறு மருத்துவ மையங்களில் எடுத்த பதிவுகளைக் கொண்டு, வலிப்பின் தடயங்களைக் கணினியே தேடிக் காட்டும் முறையைச் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள். ஓரிடத்தில் பயின்ற கணினி இன்னோர் இடத்துப் பதிவில் தடுமாறலாம் என்பதால்தான் ஆறு மையங்கள்.

இந்த இடத்தில் மீண்டும் கூந்தலுக்கு வருகிறேன். அடர்ந்த, சுருண்ட முடி உள்ளவர்களுக்கு மின்முனை தோலை எட்டுவதே சிரமம். அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆர்னெல் எட்டியென் என்ற கறுப்பின மாணவி இதைக் கேள்வியாக எழுப்பினார். பேராசிரியர் புல்கித் குரோவரின் குழுவோடு சேர்ந்து, முடியைத் தலையோடு ஒட்டிப் பின்னி, பின்னல்களுக்கு நடுவே தெரியும் தோலில் மின்முனை அழுந்தி நிற்கும்படி ஒரு கிளிப்பை உருவாக்கினார். 2020இல் வெளியான அந்த வேலையைப் படித்தபோது அம்மாவின் இரட்டைப் பின்னல்தான் நினைவுக்கு வந்தது. பின்னல் பகை அல்ல. எங்கே பின்னுவது என்று தெரிந்தால் அதுவே துணை.

ஆனால் எத்தனை மின்முனை வைத்தாலும் இஇஜிக்கு எல்லை உண்டு. மூளையின் மேற்பரப்பில் சுமார் பத்துச் சதுர சென்டிமீட்டர் பரப்பாவது ஒன்றாகத் துடித்தால்தான் வெளியே அது தெளிவாகத் தெரியும். ஆழத்தில் நடப்பது மேலே எட்டாமலே போகலாம். வலிப்பு உள்ளவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் பதிவில் எதுவும் அகப்படுவதில்லை. மறுபுறம், இயல்பான அலையையே நோய் என்று தவறாகப் படித்து, வெறும் மயக்கம் வந்தவரை ஆண்டுக்கணக்கில் வலிப்பு மாத்திரை விழுங்க வைப்பதும் நடக்கிறது. அதனால் நல்ல மருத்துவர் தாளை மட்டும் பார்ப்பதில்லை. “என்ன நடந்தது, சொல்லுங்கள்” என்று கேட்பார்.

எங்களிடமும் கேட்டார். “வீடியோ ஏதாவது எடுத்தீர்களா?” தங்கை தலைகுனிந்தாள். எடுத்திருந்தாள். பிறகு, பெண் பிள்ளை, நாளைக்கு யார் கண்ணிலாவது பட்டால் என்ன ஆவது என்று அழித்துவிட்டாள். காக்காய் வலிப்பு என்று சொல்லிச் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிற ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். பாட்டி வைத்த எண்ணெய் மூன்று வாரத்தைத் தின்றது. நாங்கள் வைத்த வெட்கம் அதற்கு முன்பே சில மாதங்களைத் தின்றுவிட்டிருந்தது. தலைக்குள் இடம் தேடும் வேலையில் இரண்டுமே படலம்தான்.

இரண்டாவது பரிசோதனைக்கு முதல் நாள் அம்மாவே ஷாம்பு போட்டு இரண்டு முறை அலசிவிட்டார். சொன்னபடி குறைவாகத் தூங்க வைத்து அழைத்துப் போனோம். கண் சொக்கியபோது, இடது பொட்டுப் பக்க மின்முனைகளில் கூரான அலைகள் வந்தன. இம்முறை தங்கையிடம் புதிய வீடியோவும் இருந்தது. இரண்டும் ஒரே கதையைச் சொல்லின. மருந்து தொடங்கியது. இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். வெறித்துப் பார்ப்பது நின்றுவிட்டது.

உங்கள் வீட்டிலும் யாருக்காவது இஇஜி இருந்தால், கடிதத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். தலையை அலசி, எண்ணெயும் கிரீமும் இல்லாமல் அனுப்புங்கள். மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். வலிப்பு வந்தால் வாயில் எதையும் திணிக்காமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 995ஐ அழையுங்கள். ஆள் பத்திரமாக இருக்கிறார் என்று உறுதியான பிறகு, இன்னொருவர் வீடியோ எடுக்கட்டும். அதை அழிக்காதீர்கள்.

“என்னாலதானே மூணு வாரம் தள்ளிப்போச்சு” என்று அம்மா இன்னும் அவ்வப்போது சொல்வார். “எண்ணெய் வெச்சது தப்பில்லம்மா, வெச்ச நாள்தான் தப்பு” என்பேன். பரிசோதனை முடிந்த அன்றிரவு, முடியெல்லாம் பசை காய்ந்து சிக்காகி இருந்தது. அதைப் பிரித்தெடுக்க ஒரே வழிதான் இருந்தது. அம்மா எண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.