ஹோட்டலின் விறாந்தையும் எங்கள் குசினியும்

கல்கிசை மவுண்ட் லவீனியா ஹோட்டல் என்றதும் எல்லோரும் சொல்வது சுரங்கப்பாதைக் கதையைத்தான். ஆளுநர் ஒருவர், லவீனா என்ற நடனப் பெண், கிணற்றிலிருந்து மாளிகைக்கு ஓர் இரகசிய வழி. சுவையான கதைதான், தங்கைக்கு நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் கதையைக் கேட்டுக் கேட்டே கட்டடத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. இத்தனைக்கும் தெஹிவளையில் இருக்கும் நமக்கு அது அடுத்த ரயில் நிலையம்.

1806ஆம் ஆண்டளவில் ஆளுநர் தோமஸ் மெயிட்லண்ட் கடலோரப் பாறை மேட்டில் தமக்கென ஒரு வீட்டை அமைத்தார். கண்டி வீதியைப் போட்ட எட்வர்ட் பார்ன்ஸ் 1820களில் அதைப் பெரிய மாளிகையாக்கினார். 1842இல் அது விற்கப்பட்டது. கரையோர ரயில் பாதை வந்த காலத்தில், 1877இல், ஹோட்டலாயிற்று.

வெள்ளைச் சுவரும் வரிசைத் தூண்களுமாக, இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகளின் சாயல் அதில் உண்டு. ஆனால் அங்கே வீடு கட்டுபவர் வெயிலை உள்ளே வரவழைக்கப் பார்ப்பார். இங்கே அதைத் தடுக்க வேண்டும். அதனால்தான் உயர்ந்த கூரையும் அகன்ற விறாந்தையும் கடலைப் பார்த்த வாசல்களும். விறாந்தையின் நிழலில் உட்சுவர் சூடேறாது. பகலில் கடலிலிருந்து வீசும் காற்று தடையின்றி உள்ளே வரும். நாட்டை ஆள வந்தவர்களாலும் நம் வெயிலை ஆள முடியவில்லை!

அதே கடற்காற்றுத்தான் தெஹிவளைக்கும் வருகிறது. நாம்தான் அதை உள்ளே விடுவதில்லை. எங்கள் ஒழுங்கையில் விறாந்தை வைத்த பழைய வீடுகள் மூன்று இடிக்கப்பட்டுத் தொடர்மாடிகளாகிவிட்டன. ஜன்னலைத் திறந்தால் இரண்டடியில் பக்கத்து வீட்டுச் சுவர். உம்மாவின் குசினியில் நண்பகலிலும் லைட் எரிகிறது. ஏசி இருப்பது ஹோலில். நாள் முழுவதும் உம்மா நிற்பதோ அடுப்படியில்.

காணி விலை அப்படி, விறாந்தைக்கு எங்கே இடம் என்று வாப்பா கேட்பார். நியாயமான கேள்வி. வெளியாட்கள் பார்ப்பார்களே என்பது உம்மும்மாவின் கவலை. இரண்டுக்கும் காலிக் கோட்டையில் விடை இருக்கிறது. அங்கே நம்மவர்கள் தலைமுறைகளாக வாழும் பழைய வீடுகளின் நடுவே திறந்த முற்றம் உண்டு. வீதியிலிருந்து யாரும் பார்க்க முடியாது. ஆனால் உள்ளே இருக்கும் பெண்ணுக்கு வானம் தெரியும், மழை தெரியும், காற்று வரும். முழு முற்றம் முடியாவிட்டால், மேலே திறந்த, ஆறடி அகலக் கிணறு போன்ற ஓர் இடைவெளி போதும். கார் நிறுத்த நாம் அதைவிடப் பெரிய இடம் ஒதுக்குகிறோமே!

கட்டடக்கலை ஆண்பிள்ளைகளின் படிப்பு என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அதைப் படிக்கும் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் நமக்குக் கிட்டத்தான் இருக்கிறது. குசினியில் நின்று வியர்த்தவள் வரையும் வீட்டுப் படம் எப்படியிருக்கும் என்று பார்க்க எனக்கு ஆசை. அதுவரை, வீடு கட்டவிருக்கும் பெற்றோரே, படம் வரைபவர் தாளை விரித்ததும் குசினி ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். கராஜைப் பற்றிப் பிறகு பேசலாம்.