பால் வாளியில் ஓர் அறிவியல் பாடம்

“கனமான பொருள் நீரில் மூழ்கும், இலேசான பொருள் மிதக்கும்.” இவ்வாறு மனப்பாடமாக ஒப்புவிக்கும் மாணவர் பலர் உளர். சிறிய ஆணி மூழ்குகிறதே, மலாக்கா நீரிணையில் பல்லாயிரம் டன் எடையுள்ள இரும்புக் கப்பல் மிதக்கிறதே, அஃது எவ்வாறு என வினவினால் விடை பிறப்பதில்லை. பொருளைக் கையாளாது சொல்லை மட்டும் கற்பதால் விளையும் குறை இது. இதனை நீக்க நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

நீரில் ஆழம் செல்லச் செல்ல அழுத்தம் மிகும். 10 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் மட்டுமே ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்திற்கு நிகராகும். ஆகவே, மூழ்கிய பொருளின் அடிப்பக்கத்தை நீர் மேல்நோக்கித் தள்ளும் விசை, மேற்பக்கத்தைக் கீழ்நோக்கி அழுத்தும் விசையினும் பெரிது. இவ்வேறுபாடே மிதப்பு விசை. அது பொருளால் விலக்கப்பட்ட நீரின் எடைக்குச் சமம் என்பதை 2,200 ஆண்டுகளுக்கு முன்னரே ஆர்க்கிமிடீஸ் கண்டறிந்தார். உட்குடைவான கப்பல் தன் எடைக்கு நிகரான நீரை விலக்கி மிதக்கிறது. ஆணியால் அஃது இயலாது.

இவ்வுண்மை நம் முன்னோர் உழைத்த பால்மரத் தோட்டங்களில் நாள்தோறும் பயன்பட்டது. மலாயாவின் முதல் வாணிக இரப்பர்த் தோட்டம் 1896-ஆம் ஆண்டில் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்பவரால் தொடங்கப்பெற்றது. பின்னாளில் தோட்டங்களில் பால் அளக்கும் இடத்தில் ‘மெட்ரோலாக்’ எனும் மிதவைக் கருவி புழங்கிற்று. அடியில் குமிழும், மேலே அளவுக்கோடுகள் இட்ட தண்டும் உடையது அது. இரப்பர் நீரினும் அடர்த்தி குறைந்தது. ஆதலின், இரப்பர் மிகுந்த பாலில் கருவி ஆழ அமிழும். நீர் கலந்த பாலில் உயர்ந்து நிற்கும். தண்டு காட்டும் எண்ணைக் கொண்டு உலர்ந்த இரப்பரின் அளவைக் கணித்தனர். மரம் சீவுவோரின் வருவாயும் அவ்வளவோடு பிணைந்திருந்தது.

பாலில் நுரை படிந்தாலும், அதன் வெப்பநிலை மாறினாலும் அளவு பிழைபடக்கூடும். கருவியின் இயல்பை அறிந்தவர், “நுரையை நீக்கி மீண்டும் பாருங்கள்” எனக் கேட்க முடியும். அறியாதவர் சொன்ன எண்ணை ஏற்றுக்கொண்டு செல்வதன்றி வேறு வழியில்லை. அறிவியல் தேர்வுக்கு மட்டும் உரியதன்று. உழைப்பின் பயனைக் காக்கும் அரணும் ஆகும்.

தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. குடும்பங்களும் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. பழைய கருவியின் கதை எதற்கு எனச் சிலர் வினவலாம். எடைத் தராசு, நீர்மானி, மின்மானி எனக் கருவிகள் இன்றும் நமக்காகக் கணக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றை வினவும் பழக்கம் தொடக்கப்பள்ளியிலேயே வேரூன்ற வேண்டும்.

அதற்குப் பெருஞ்செலவு வேண்டா. உறிஞ்சுகுழல் ஒன்றின் அடியைக் களிமண்ணால் அடைத்து, நீரில் நிமிர்ந்து மிதக்கச் செய்யுங்கள், நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் அந்நீரில் உப்பைக் கரைத்துப் பாருங்கள். குழல் சற்றே உயரும். ஏன் உயர்ந்தது என்பதை மாணவரே சொல்லட்டும். ஆசிரியர் சற்றுப் பொறுத்திருத்தல் நன்று. வீட்டில் மரம் சீவிய தாத்தா பாட்டி இருப்பின், பால் அளந்த முறையை அவர்களிடம் கேட்டு வந்து வகுப்பில் கூறுக. பாடநூலும் பாட்டியின் அனுபவமும் ஒருங்கே சேரும்போது, கற்ற கல்வி நெஞ்சில் நிலைக்கும்.